அருகில் அமர்ந்து ஜாஸ் கேட்பவர்களுக்கு: வாசகர் கேள்வி–பதில்

எழுபதும் எண்பதும் கடந்த ஜாஸ் கலைஞர்கள் தம் ஊரின் சிறிய அரங்குகளில் வாசிப்பதை நேரில் கேட்கும் இன்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் இப்பகுதியில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதே பொருளைத் தொட்டே இருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எனக்கு ஜாஸ் இலக்கணம் எதுவும் தெரியாது. நான் வசிக்கும் இடத்துக்கு அருகே மாதம் ஒரு மாலை மூத்த கலைஞர்கள் ஐவர் கூடி வாசிக்கிறார்கள். ஒருமுறை தற்செயலாகப் போனேன், இப்போது தவறவிடுவதில்லை. அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதுதான் விளங்கவில்லை. – ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்: நீங்கள் அங்கே இசையைக் கேட்பதோடு, அது உருவாவதைப் பார்க்கவும் செய்கிறீர்கள். உங்கள் மகிழ்ச்சியின் பெரும்பகுதி இந்தப் பார்வையிலிருந்து வருகிறது என்பது என் கருத்து.

ஜாஸில், குறிப்பாக ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்களில், முன்கூட்டியே எழுதிவைக்கப்படுவது மிகக் குறைவு. நான்கு தட்டுகள் கொண்ட தாள அளவை ‘பார்’ என்பார்கள். பெரும்பாலான பாடல்கள் 32 பார் அல்லது 12 பார் நீளமுள்ள ஒரு சுற்றாக அமைந்தவை. தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசித்துக் காட்டுவார்கள். அதன்பின் அந்தச் சுற்றுக்குரிய சுரக்கூட்டுகளின் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், ஆங்கிலத்தில் ‘கார்டு’) வரிசை மட்டும் மாறாமல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக அதன்மேல் தம் கற்பனையை விரிப்பார்கள். இறுதியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். இந்த எலும்புக்கூட்டைத் தவிர, யார் முதலில் தொடங்குவது, எத்தனை சுற்று வாசிப்பது, எந்த இடத்தில் அடக்குவது, எப்படி முடிப்பது ஆகிய அனைத்தும் மேடையில், அந்த நொடியில், பெரும்பாலும் ஒரு சொல்லும் பேசப்படாமல் முடிவாகின்றன.

இதற்கென்று சில சைகைகள் உண்டு. ஒருவர் தம் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினால், இந்தச் சுற்றோடு மெட்டுக்குத் திரும்பலாம் என்று பொருள். நான்கு விரல்களை உயர்த்தினால், இனி நான்கு பாருக்கு ஒருவராக டிரம்ஸோடு மாறி மாறி வாசிக்கலாம் என்று பொருள். கீழ்நோக்கி நீட்டிய இரண்டு விரல்கள், பாடலின் ஸ்கேல், அதாவது அதன் ஆதார சுரம், பி ஃபிளாட் என்பதைத் தெரிவிக்கும். நீண்ட காலம் சேர்ந்து வாசித்த மூத்தவர்களுக்கு இந்தச் சைகைகள்கூட அரிதாகவே தேவைப்படும். சாக்ஸபோன்காரர் ஒரு வரியின் முடிவில் தோளைச் சற்றுத் தாழ்த்தும்போதே, பியானோவில் இருப்பவருக்கு அடுத்தது தம் முறை என்பது தெரிந்துவிடும். ஐந்து மனிதர்கள் ஒருவர் சொல்வதை மற்றவர் முழுக் கவனத்தோடு கேட்டு, கேட்டதற்கேற்பத் தம் அடுத்த அடியை மாற்றிக்கொள்வதை இரண்டு மணி நேரம் இடைவிடாமல் காணும் வாய்ப்பு, வாழ்க்கையில் வேறெங்கே கிடைக்கிறது? அதைப் பார்த்து மகிழ இலக்கணம் தேவையில்லை.

கேள்வி: வயது ஏறினால் மூச்சும் விரல் வேகமும் குறைவது இயல்பு. அப்படியிருக்க, மூத்தவர்களின் வாசிப்பைப் புகழ்வது வயதுக்குக் காட்டும் மரியாதையா, அனுதாபமா? இசையாக அதற்குத் தனி மதிப்பு உண்டா? – இளம் கிட்டார் கலைஞர் ஒருவர்

பதில்: நேர்மையான கேள்வி, அதற்குரிய நேர்மையோடு பதில் சொல்ல வேண்டும். உடல் தளர்கிறது என்பது உண்மைதான். டிரம்பெட் வாசிப்பவரின் உதட்டுத் தசைகள் விரைவில் களைப்படைகின்றன. பல் விழுந்தால் ஒலியே மாறிவிடுகிறது. பியானோ கலைஞரின் விரல் மூட்டுகள் இறுகுகின்றன. முதுமை எல்லோரையும் மேலான கலைஞராக்கிவிடுவதும் இல்லை. இளமையில் பழகிய சொற்றொடர்களையே களைப்போடு திருப்பி வாசிக்கும் மூத்தவர்களும் உண்டு. அவர்களை வயதின் பெயரால் புகழ்வது அவர்களுக்கும் நல்லதல்ல, இசைக்கும் நல்லதல்ல.

ஆனால் இழப்பை ஈடுசெய்வதைக் காட்டிலும் பெரிதான ஒன்று சிலரிடம் நிகழ்கிறது. இதற்கு டாக் சீதமின் வாழ்க்கையை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 1905ஆம் ஆண்டு பிறந்த அந்த டிரம்பெட் கலைஞர், 1930களில் கேப் கேலோவேயின் பெரிய குழுவில் முதன்மை டிரம்பெட் வாசித்தவர். கற்பனை வாசிப்புக்கு அவர் அன்று பெயர் பெற்றவர் அல்லர். 1970களின் தொடக்கத்தில், அறுபதுகளின் நடுப்பகுதியைக் கடந்துவிட்ட வயதில், தம் வாசிப்பைத் தாமே ஒலிப்பதிவு செய்து, இரக்கமின்றிக் கேட்டு, தேய்ந்துபோன சொற்றொடர்களை ஒவ்வொன்றாகக் களைந்தார். அவருடைய சிறந்த வாசிப்பு என்று இன்று நாம் கருதுவது பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 1980 முதல் 1997இல் இறக்கும்வரை நியூயார்க்கின் ஒரு சிறிய அரங்கில் ஞாயிறுதோறும் அவர் வாசித்துவந்தார். 91 வயதில், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த நிக்கலஸ் பேட்டன் என்ற டிரம்பெட் கலைஞரோடு சேர்ந்து அவர் செய்த ஒலிப்பதிவில் இடம்பெற்ற வாசிப்பு ஒன்றுக்கு, அவர் மறைந்த பிறகு கிராமி விருது கிடைத்தது. அந்தப் பதிவில் இளையவரிடம் ஆற்றல் ததும்புகிறது. முதியவரோ தேவையற்ற ஒரு சுரத்தைக்கூட வாசிப்பதில்லை. இருவரையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, எதை விட்டுவிடுவது என்ற தேர்வும் இசைதான் என்பது காதுக்கே புலப்படும்.

உடல் வெளிப்படையாகவே தடை போட்ட சிலரையும் குறிப்பிட வேண்டும். நியூ ஆர்லியன்ஸின் பியானோ கலைஞர் ஸ்வீட் எம்மா பாரெட், 1967இல் பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்த பிறகும், 1983இல் இறக்கும்வரை வலக்கையால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு கைகளின் அசுர வேகத்துக்காகவே உலகம் அறிந்த ஆஸ்கர் பீட்டர்சன், 1993இல் பக்கவாதம் தாக்கி இடக்கை தளர்ந்து, சுமார் இரண்டு ஆண்டுகள் விலகியிருந்துவிட்டுத் திரும்பவும் மேடையேறினார். பழைய வேகத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்திருக்கலாம். ஒரு மெல்லிய மெட்டை அவர் எவ்வளவு நேரம் பொறுமையாகத் தாங்கிப் பிடிக்கிறார் என்று கேட்கப் போனவர்கள் நிறைவோடு திரும்பினார்கள்.

நீங்கள் இளைஞர் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். டிரம்ஸ் கலைஞர் ராய் ஹெய்ன்ஸ் 1925இல் பிறந்து 2024இல், 99 வயதில் மறைந்தார். 1940களில் சாக்ஸபோன் மேதைகளான லெஸ்டர் யங்கோடும், அதை அடுத்துச் சார்லி பார்க்கரோடும் வாசித்தவர், தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் தம்மைவிடப் பல பத்தாண்டுகள் இளையவர்களோடு மேடையில் அமர்ந்தார். ‘பழங்காலத்து’ வாசிப்பு என்று அதைச் சொல்ல யாராலும் முடிந்ததில்லை. 1924இல் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் மார்ஷல் ஆலன், பியானோ கலைஞர் சன் ராவின் குழுவில் 1958 முதல் இருப்பவர். தம் பெயரில் முதல் தனி இசைத்தொகுப்பை 2025இல், நூறு வயது நிறைந்த பிறகு வெளியிட்டார். இவர்களைக் கேட்கையில் என் மனத்தில் அனுதாபம் தோன்றியதே இல்லை. அடுத்து என்ன வாசிக்கப்போகிறார் என்ற ஆவல்தான் தோன்றுகிறது.

கேள்வி: கர்நாடக இசை கேட்டுப் பழகிய காது எனக்கு. ஜாஸில் பிடி கிடைக்க எதைப் பற்றிக்கொள்ளலாம்?

பதில்: உங்களிடம் ஏற்கெனவே ஒரு பிடி இருக்கிறது. மேலே சொன்ன நான்கு நான்கு பாராக மாறி வாசிக்கும் பகுதியைக் கவனியுங்கள். சில குழுக்கள் எட்டு பாரில் தொடங்கி, நான்காகவும் இரண்டாகவும் சுருக்கிக்கொண்டே போவார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் செய்யும் குறைப்பைக் கேட்டவருக்கு இது உடனே பழகிவிடும். ஒருவர் சொன்னதை மற்றவர் வாங்கி, சிறிது திருத்தித் திருப்பிக் கொடுக்கும் அதே விளையாட்டுதான் இது.

வேறுபாடு எங்கே என்றால், ராகத்துக்குப் பதிலாக இங்கே மாறிக்கொண்டே இருக்கும் சுரக்கூட்டுகளின் வரிசை இருக்கிறது. ஆகவே, வாசிப்பவர் எங்கே இருக்கிறார் என்பதை அறிய, மெட்டை உங்கள் மனத்துக்குள் விடாமல் பாடிக்கொண்டே இருங்கள். அவர் எவ்வளவு தொலைவு போனாலும் உங்கள் மனத்தில் ஓடும் மெட்டோடு அவருடைய சுற்று சரியாகச் சேர்ந்து முடிவதைக் கேட்கும்போது, சமம் வந்து விழும்போது ஏற்படும் அதே பரவசம் உண்டாகும். மூத்த கலைஞர்கள் மெட்டை விட்டு முற்றிலும் அகன்றுவிடுவது குறைவு என்பதால், புதிதாகக் கேட்பவர்கள் அவர்களிடமிருந்து தொடங்குவதே நல்லது.

கேள்வி: நான் ஆர்வமாகக் கேட்டுவரும் குழுவில் மூத்த டிராம்போன் கலைஞர் ஒருவர் அண்மையில் நடுவில் தடம் தவறி, சில நொடிகள் வாசிக்காமலே நின்றுவிட்டார். பார்க்கச் சங்கடமாக இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் கேட்பவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்தச் சில நொடிகளில் உங்கள் கண் அவர்மீதே இருந்திருக்கும், அது இயல்பு. அடுத்தமுறை அப்படி நேர்ந்தால் மற்றவர்களைப் பாருங்கள். சுற்றில் தாம் இருக்கும் இடத்தை ஒருவர் இழந்துவிட்டால், பியானோ கலைஞர் அதுவரை அலங்காரமாக வாசித்துவந்த சுரக்கூட்டுகளைச் சட்டென்று எளிமையாக்கி, தெளிவாக, சற்று உரக்கவே வாசிப்பார். டபுள் பாஸ் என்னும் பெரிய தந்திக் கருவியை வாசிக்கும் பாஸ் கலைஞர் ஒவ்வொரு கூட்டின் அடிச்சுரத்தையும் அதன் முதல் தட்டிலேயே வைப்பார். புதிய சுற்று தொடங்கும் இடத்தை டிரம்ஸ் கலைஞர் சிம்பல் என்னும் உலோகத் தகட்டில் ஓர் அடியால் காட்டிக்கொடுப்பார். தவறியவர் அங்கே ஏறிக்கொள்வார். இவை எல்லாம் அரங்கில் பாதிப்பேருக்குத் தெரியாமலே நடந்து முடியும்.

ஜாஸில் இதற்கென்று தனிப் பயிற்சி எதுவும் கிடையாது. பிறரைக் கேட்டுக்கொண்டே வாசித்த பல பத்தாண்டுப் பழக்கம்தான் இப்படி வெளிப்படுகிறது. தவறு நேராத கச்சேரியில் இதை நீங்கள் கண்டிருக்கவே முடியாது. அந்த டிராம்போன் கலைஞர் மீண்டும் ஏறிக்கொண்டாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. ஏறிக்கொண்டிருப்பார் என்றே நம்புகிறேன். அவருடைய வாசிப்பு முடியும்போது மற்றவர்களுக்குத் தட்டிய அதே அளவு கைதட்டுங்கள். மிகையாகத் தட்டினால் தவறைச் சுட்டிக்காட்டியதாகிவிடும்.

கேள்வி: எங்கே அமர்வது நல்லது? எந்தக் கலைஞரைக் கவனிப்பது?

பதில்: ஒலிபெருக்கி இல்லாமலும் கேட்கக்கூடிய தொலைவில் அமருங்கள், பியானோ இருந்தால் விசைப்பலகை தெரியும் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். முன்னால் நின்று ஊதுபவர்மீது எல்லோருடைய கண்ணும் போகும். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது பின்வரிசையை.

முதலில் டபுள் பாஸ். பாருக்கு நான்கு தட்டு, தட்டுக்கு ஒரு சுரம் என்று நடந்துகொண்டே இருப்பதுதான் அதன் முதன்மையான வேலை. ஒரு மாலை முழுவதும் ஆயிரக்கணக்கில் வரும் அந்தச் சுரங்களில் ஒவ்வொன்றும் அடுத்து வரும் சுரக்கூட்டுக்கு வழி காட்ட வேண்டும். மூத்த பாஸ் கலைஞர்களின் வலக்கையைப் பாருங்கள்: தந்தியை இழுக்கும் வேலையைப் பெரும்பாலும் கையின் எடையே செய்கிறது, விரல் வழிநடத்துகிறது. அளவுக்கு மீறி உழைக்காமல் பெரிய ஒலியை எழுப்பும் அந்தக் கலை இளமையில் யாருக்கும் கைவருவதில்லை என்றே சொல்வேன்.

அடுத்து டிரம்ஸ். வலக்கை ரைடு சிம்பலில் தாளத்தை நெய்துகொண்டிருக்க, இடக்கால் ஹை-ஹாட்டின் இரண்டு தகடுகளை இரண்டாம், நான்காம் தட்டுகளில் மூடும். உங்களுக்குக் கைதட்டத் தோன்றினால் அந்த இடக்காலோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் தாளம் கனத்துப்போகும்.

மெதுவான பாடல் தொடங்கும்போது நிமிர்ந்து உட்காருங்கள். வேகமான பாடலைவிட அதுதான் கடினம், ஏனென்றால் இரண்டு தட்டுகளுக்கு இடையே நீண்ட வெளி இருக்கிறது. அந்த வெளி தள்ளாடினால் எல்லாருக்கும் தெரியும். டிரம்ஸ் கலைஞர் குச்சிகளை வைத்துவிட்டுக் கம்பித் தூரிகைகளை எடுப்பார். ஒன்று தோலின்மேல் வட்டமாக உரசிக்கொண்டே இருக்கும், மற்றொன்று தட்டுகளைக் குறிக்கும். அனுபவம் குறைந்த குழுவில் யாராவது ஒருவர் அந்த வெளியைச் சுரங்களால் நிரப்பிவிடுவார். மூத்தவர்கள் அதை அப்படியே விட்டுவைப்பார்கள். விட்டுவைத்தும் தாளம் நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தக் குழுவையும் மதிப்பிட நான் காத்திருப்பது அந்த முதல் மெதுவான பாடலுக்காகத்தான்.

கேள்வி: நான் செல்லும் நிகழ்ச்சியில் பெரும்பாலும் அதே இருபது முப்பது பாடல்களையே வாசிக்கிறார்கள். அவர்களுக்கே சலிக்காதா?

பதில்: பாடல் அவர்களுக்கு அன்றைய பேச்சுக்கான பொருள் மட்டுமே, பேச்சு ஒவ்வொரு முறையும் வேறு. டெனர் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் ‘பாடி அண்ட் சோல்’ என்ற மெதுவான பாடலைப் பதிவுசெய்தார். தொடக்கத்தில் மெட்டைச் சில வரிகள் தொட்டுக்காட்டியதோடு சரி; இரண்டு சுற்றில் எஞ்சியது முழுவதும் அவருடைய கற்பனை. மெட்டே ஏறக்குறைய இல்லாத அந்தப் பதிவு மக்களிடையே பெருவெற்றி பெற்றது. 1969இல் மறையும்வரை அவர் அதே பாடலைப் பலமுறை மேடைகளில் வாசித்தார். பல ஆண்டுகளின் பதிவுகள் கிடைக்கின்றன. தேடி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப்பாருங்கள்.

மூத்தவர்களிடம் இதற்கு மேலும் ஒரு செல்வம் உண்டு: அவர்களுக்குப் பாடலின் வரிகள் தெரியும். லெஸ்டர் யங், ஒரு பாடலை வாசிப்பவருக்கு அதன் வரிகள் தெரிந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் மெதுவான பாடலை வாசிக்கும் முன், ஒலிவாங்கியின் முன் நின்று அதன் வரிகளை உரைநடைபோலச் சொல்லிவிட்டே சாக்ஸபோனை எடுக்கும் பழக்கம் உள்ளவர். சொல் எங்கே முடிகிறதோ அங்கே மூச்சு விடுவது, கேள்வியாக உள்ள வரியைக் கேள்வியாகவே வாசிப்பது ஆகியவை இதனால் வருகின்றன. பாடல் புழக்கத்தில் இருந்த காலத்தில் வளர்ந்தவருக்கு அந்த வரிகள் இயல்பாகவே மனப்பாடம். தாளைப் பார்த்துச் சுரங்களாக மட்டும் கற்ற இளையவர் தேடிப்போய்ப் பெற வேண்டியது அது. அடுத்த நிகழ்ச்சிக்கு முன் அவர்கள் வழக்கமாக வாசிக்கும் ஒரு பாடலின் வரிகளைப் படித்துவிட்டுப் போங்கள். சலிப்பு எப்படிப் போயிற்று என்று நீங்களே எனக்கு எழுதுவீர்கள்.

கேள்வி: மேதைகளின் ஒலிப்பதிவுகள் வீட்டிலேயே கிடைக்கும்போது, பெயர் பெறாத உள்ளூர்க் கலைஞர்களை நேரில் கேட்க வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டும். ஆனால் பதிவு எதை விட்டுவிடுகிறது என்பதை அறிந்துகொண்டு கேளுங்கள். தொடக்க கால இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் பதிய முடிந்தது. மேடையில் பத்து நிமிடம் ஓடிய பாடல் அதற்காகச் சுருக்கப்பட்டது. அந்தக் காலத்து மேதைகளைப் பற்றி நாம் அறிந்தது பெரிதும் அந்தச் சுருக்கங்கள் வழியேதான். உங்கள் அருகே இன்று வாசிக்கும் மூத்த கலைஞர், அவர்கள் எப்படி நிதானமாக விரித்தார்கள் என்பதைத் தம் இளமையில் நேரில் கேட்டவராகவோ, கேட்டவர்களிடம் பயின்றவராகவோ இருக்கலாம். பெயர் பெறுவதற்குத் திறமையோடு வாய்ப்பும் ஊரும் காலமும் கூடிவர வேண்டும் என்பதை எந்தக் கலையிலும் காண்கிறோம். பெயர் தெரியாதவர் என்பதற்காக ஒருவரைக் கேட்காமல் விடாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, சாக்ஸபோன் கற்கிறான். மூத்தவர்கள் வாசிக்கும் நிகழ்ச்சிக்கு அழைத்துப் போனால் அவனுக்குப் பயன்படுமா, அலுத்துப்போவானா?

பதில்: அழைத்துப் போங்கள்; முடிந்தால் இடைவேளையில் அவனை மேடையருகே நிற்கவிடுங்கள். ஜாஸ் பள்ளிகளுக்குள் நுழைவதற்கு முன் பல பத்தாண்டுகள் அது மேடையோரத்தில்தான் கைமாறியது. பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான குவின்சி ஜோன்ஸ் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது டிரம்பெட் கலைஞர் கிளார்க் டெரியிடம் பாடம் கேட்டார். இரவெல்லாம் வாசித்துவிட்டு வந்த டெரி, பையன் பள்ளி செல்லும் முன் அதிகாலையில் சொல்லிக்கொடுத்தார். அதே டெரி, தொண்ணூறு வயதை ஒட்டி, நீரிழிவால் பார்வை போய்ப் படுக்கையில் இருந்தபோதும், ஜஸ்டின் காஃப்லின் என்ற பார்வையற்ற இளம் பியானோ கலைஞருக்கு இரவு வெகுநேரம்வரை பாடம் நடத்தினார். பியானோ கலைஞர் பேரி ஹாரிஸ், நியூயார்க்கில் பல பத்தாண்டுகளாக நடத்திவந்த வாராந்திர வகுப்பை, பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழியாகத் தொடர்ந்தார். 2021 டிசம்பரில், 92 வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது மறைந்தார். கற்பிப்பதைக் கடமையாகக் கொண்ட மரபு அது. உங்கள் ஊரில் உள்ளவர்களும் அந்த மரபின் பிள்ளைகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பல குழுக்கள் முதற்பகுதியைத் தாம் வாசித்துவிட்டு, இரண்டாம் பகுதியில் வெளியாட்களை மேடைக்கு அழைப்பார்கள். இதை ஜாம் செஷன் என்பார்கள். உங்கள் மகன் ஒரே ஒரு 12 பார் புளூஸ் மெட்டை நன்றாகப் பழகிக்கொண்டு, கருவியோடு வரட்டும். இரண்டு சுற்று வாசித்துவிட்டு இறங்கினால் போதும். அவன் வாசிக்கும்போது பின்னாலிருந்து அந்த மூத்த டிரம்ஸ் கலைஞர் கொடுக்கும் தாங்கலை எந்தப் பின்னணி இசைச் செயலியாலும் கொடுக்க முடியாது. செயலி அவனைக் கேட்பதில்லை, அவர் கேட்பார். ஓராண்டுக்குப் பிறகு அவனுடைய ஆசிரியரிடமே விசாரியுங்கள்.

கேள்வி: ஒருவர் வாசித்து முடித்ததும், பாடல் நடுவிலேயே கைதட்டலாமா? கைபேசியில் படம் எடுக்கலாமா?

பதில்: தனி வாசிப்பு முடிந்ததும் தட்டுவது ஜாஸ் வழக்கம், தயங்க வேண்டாம். ஆனால் பாஸ் கலைஞர் அடுத்துத் தொடங்கிவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். இருப்பதில் மெல்லிய ஒலி அவருடையது, அவருடைய முதல் வரி எப்போதும் கைதட்டலில் மூழ்கிப்போகிறது. படம் எடுக்கும் முன் கலைஞரிடம் கேளுங்கள். பேசியே ஆக வேண்டுமென்றால் வெளியே போய்ப் பேசுங்கள்.

கேள்வி: கேட்க வருபவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். கேட்பவர்களாகிய நாங்கள் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. மூத்த கலைஞர்களுக்கு எல்லாவற்றுக்கும் மேலாகத் தேவைப்படுவது நிலையான ஓர் இடமும் நிலையான ஒரு நாளும்தான். நியூ ஆர்லியன்ஸில் 1961இல் பிரிசர்வேஷன் ஹால் தொடங்கப்பட்டபோது, ஜாஸின் முதல் தலைமுறைகளைச் சேர்ந்த பலர் அந்நகரிலேயே வாசிக்க இடமின்றி வேறு வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அரங்கோ ஒரு சிறிய பழைய அறை. ஒலிபெருக்கி இல்லை, ஆடம்பரம் இல்லை, சில பெஞ்சுகள் மட்டும். ஆனால் இரவுதோறும் திறந்திருந்தது. கிளாரினெட் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் தம் கடைசி ஆண்டுகளில் அங்கே வாசித்தார். வில்லி ஹம்ஃப்ரி, பெர்சி ஹம்ஃப்ரி சகோதரர்கள் ஏறக்குறைய தொண்ணூறு வயதுவரை அங்கே அமர்ந்து ஊதினார்கள். வாரந்தோறும் வாசிக்கும் இடம் இருந்தால் உதடும் விரலும் பயிற்சியில் நிற்கும்; இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் தளர்ந்துவிடும். டாக் சீதமின் ஞாயிற்றுக்கிழமைகளும் அதைத்தான் அவருக்குச் செய்தன.

ஆகவே, ஆண்டுக்கு ஒரு பெரிய விழாவுக்குப் போவதைவிட, மாதந்தோறும் அந்தச் சிறிய நிகழ்ச்சிக்குப் போவது அவர்களுக்குக் கூடுதல் உதவி. இடம் கொடுப்பவர் வருபவர்களின் தலையை எண்ணித்தான் அடுத்த மாதத்தை முடிவு செய்கிறார். மழை பெய்யும் மாலைகளில் உங்கள் வருகை இரட்டிப்பு மதிப்புள்ளது. நுழைவுக் கட்டணம் இருந்தால் முழுமையாகச் செலுத்துங்கள். காணிக்கைப் பெட்டி வைத்திருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். கலைஞர் தாமே வெளியிட்ட குறுந்தகடு மேசையில் இருந்தால் வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் இதுவரை வராத ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். புறப்படும் முன் அடுத்த நிகழ்ச்சி என்றைக்கு என்று குழுவினரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலருக்கு விளம்பரம் செய்ய வசதி இல்லை.